ஏழு கல் தோடும் மூன்றாம் பத்தியும்

சேது,

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நீ வக்கீல் ஆபீசுக்குப் போய் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறாய். அதற்கு முன்னால் இதைப் படித்து முடித்துவிடு. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நியூ டவுன் பிளாட்டின் சமையலறைக்கும் பால்கனிக்கும் இடையே நடப்பவன். நான் வெகுகாலத்துக்குப் பிறகு ஓர் உண்மையைச் சொல்லப்போகிறேன். அதை மிக்ஸியோடு போட்டி போட்டுச் சொல்ல விருப்பமில்லை. தமிழில் எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். ஆகவே நான் சொல்வதை இந்த ஒரு முறையாவது மெதுவாகக் கேட்பாய். இரண்டாவது, உன் மாமியாருக்குத் தமிழ் தெரியாது. இந்த இரண்டில் எது பெரிய காரணம் என்பது போகப் போகத் தெரியும்.

பத்திரத்தின் மூன்றாம் பத்தியில் ஒரு வரி இருக்கிறது: ‘எனக்கோ என் குடும்பத்தில் எவருக்குமோ தழும்பு தடித்து வளரும் தன்மை இருந்ததில்லை.’ உண்மை என்று நம்பித்தான் நீ அதன் கீழே கையெழுத்துப் போடுவாய். அது உண்மை அல்ல. அந்தப் பொய் இப்போதைக்கு உன்னுடையது இல்லை, என்னுடையது. சனிக்கிழமைக்குப் பிறகு உன்னுடையதாகிவிடும். சத்தியம் செய்தவன் என்று உன் பெயர்தானே அங்கே இருக்கும். நான் உனக்கு விட்டுப்போகிற சாமான்களில் இதுவும் ஒன்றாக வேண்டாம்.

நடந்ததை ஒரு முறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உனக்கு எல்லாம் தெரியும். எனக்கு எவ்வளவு தெரியும் என்பது உனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு, உன் இடது தாடையில் இருந்த மச்சத்தை எடுப்பதற்கு ஓர் அழகு சிகிச்சை மையத்துக்குப் போனாய். மிளகைவிடப் பெரியது, சுண்டைக்காயைவிடச் சிறியது. என் அப்பாவுக்கும் அதே இடத்தில் இருந்தது. அரை மணி நேர வேலை என்றார் அங்கிருந்த சர்ஜன். என்னென்ன ஆகலாம் என்று அச்சிட்டிருந்த கடைசித் தாளை, பச்சை அங்கி மாட்டிப் படுக்கவைத்த பிறகுதான் கையெழுத்துக்கு நீட்டினார்கள். நான்கு தையல். கல்யாணப் படங்களில் ஒரு சிவந்த கோடு மட்டும் தெரிகிறது. அதற்குப் பிறகு அந்தக் கோடு தடிக்க ஆரம்பித்தது. திரும்ப அங்கேயே போனாய். இன்னொரு தடவை வெட்டித் தைத்தால் சமமாகிவிடும் என்றார்கள், வெட்டினார்கள், தைத்தார்கள். இந்த முறை அது மச்சம் இருந்த இடத்தைத் தாண்டி, தாடை எலும்பை ஒட்டி ஒரு சுண்டுவிரல் நீளத்துக்குப் போனது. வேறோர் ஆஸ்பத்திரியில் வயதான தோல் மருத்துவர் ஒருவர் பார்த்து அதன் பெயரைச் சொன்னார்: கீலாய்டு. காயம் ஆறிய பிறகும் நிறுத்தத் தெரியாமல் வளர்கிற தழும்பு. ஊசி மருந்து எதுவும் இல்லாமல் வெறுமனே வெட்டினால் முன்னைவிட மூர்க்கமாக வளரும் என்றும், சில குடும்பங்களில் அது வழிவழியாக வரும் என்றும் சொன்னார். நீ நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டாய். மையத்தாரின் பதிலில் சாரம் ஒன்றே ஒன்றுதான்: குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று நோயாளியே படிவத்தில் குறித்துக் கொடுத்தார், நாங்கள் நம்பினோம். அவர்களுடைய மொத்தக் கட்டடமும் அந்த ‘இல்லை’யின்மேல்தான் நிற்கிறது. படிவத்தில் குறித்தது நீ. சொன்னது நான்.

ஏன் சொன்னேன் என்பதற்கு முதலில் சுப்ராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மௌவின் அம்மா, உன் மாமியார், பெஹாலாவில் ஒரு பள்ளியில் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவர். சம்பந்தியை வங்காளத்தில் பெயான் என்பார்கள். தமிழ்க் காதில் அது எப்படி விழுகிறது என்று அவரிடம் நான் இதுவரை சொன்னதில்லை. என்னைவிடப் பதினான்கு மாதம் இளையவர். முதல் சந்திப்பில் நாங்கள் இருவருமே ஒருவரையொருவர் தீதி, அதாவது அக்கா, என்று அழைத்தோம். அவர் மரியாதைக்காக, நான் வயதைப் பற்றி ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவைப்பதற்காக. அந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது.

நான் பொறாமைக்காரி அல்ல. முப்பத்தொரு வருடம் ஒரு பெண்கள் பள்ளியின் நூலகத்தில் இருந்தவள். பட்டியல் போடுவது என் தொழில். அந்த முறையில்தான் சிலவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன். உனக்குப் பெயர் வைக்க இரண்டு குடும்பங்களும் பதினொரு நாள் சண்டை போட்டன, நான்தான் ஜெயித்தேன். சுப்ரா உன்னை இரண்டாவது தடவை பார்த்தபோதே பாபாய் என்று கூப்பிட்டார். இங்கே எல்லோருக்கும் வீட்டில் கூப்பிட ஒரு செல்லப் பெயர் உண்டு, தெரிந்ததுதான். அவர் கூப்பிட்டதில் எனக்கு வருத்தமில்லை. நீ திரும்பிப் பார்த்தாய். பிறகு, நீ அவரை மாமணி என்கிறாய். என்னை அம்மா என்கிறாய். இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் உன் குரலில் எது கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நம் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை; அவர் வீட்டில் நீ இலிஷ் மீன் சாப்பிடுகிறாய். அதுகூடப் பரவாயில்லை. அதன் முள்ளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறாராம். மௌதான் சொன்னாள், பெருமையாக. நான் உன்னை நான்கு வயதிலேயே முருங்கைக்காயைத் தனியாகச் சமாளிக்கப் பழக்கியவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உன்னை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, பிளாஸ்டிக் ஸ்கேலால் தழும்பை அளந்து தேதியோடு எழுதுகிறார். சிலிகான் ஒட்டுப்பட்டையைக் கத்தரித்து ஒட்டிவிடுகிறார். வக்கீலைத் தேடிப் பிடித்தது அவர். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கோப்பு. நீலக் கோப்பு, தேதி வாரியாகக் கோத்த தாள்கள், நிறம் நிறமாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுச் சீட்டுகள், முதல் பக்கத்தில் பொருளடக்கம். என் மகனின் முகத்தைப் பற்றி, என் தொழிலை, வேறொருத்தி செய்திருக்கிறாள். சரியாக வேறு செய்திருக்கிறாள். துர்கா பூஜை விடுமுறைக்கு உன் பிளாட்டுக்கு வந்திருந்தபோது, நீங்கள் பந்தல் பார்க்கப் போயிருந்த நேரத்தில், அதில் தப்புக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் செலவழித்தேன். மருந்துச் சீட்டு ஒன்று தலைகீழாக இருந்தது. அதை நான் நேராக்கி வைக்கவில்லை.

இப்போது அந்த ‘இல்லை’. அன்றைக்கு மையத்துக்கு நான் உன்னோடு வந்ததே அவர் வருகிறார் என்று கேள்விப்பட்டதால்தான். மௌவுக்கு ஆபீஸ். வரவேற்பறையில் மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். நீ நடுவில், நான் வழக்கம்போல இடது ஓரத்தில், சுவரை ஒட்டி. நீ அட்டையில் செருகிய படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாய்.

“அம்மா, நம்ம வீட்டுல யாருக்காவது தழும்பு தடிச்சு வளருமா? ஏதோ கீலாய்டுன்னு போட்டிருக்கு.”

அந்த ஒரு சொல் சுப்ராவுக்கும் புரிந்துவிட்டது. உடனே முன்னால் சாய்ந்து வங்காளத்தில் ஆரம்பித்தார். அவர் பேச்சைத் தமிழில் தருகிறேன்.

“அதுவா தீதி? என் அத்தைக்கு இருந்தது. இதோ இங்க, கழுத்துல, நெல்லிக்காய் மாதிரி. நாங்கள்லாம் அத்தைக்கு ரெண்டு தலைன்னு கேலி பண்ணுவோம். அவங்களும் சேர்ந்து சிரிப்பாங்க.”

அவர் குடும்பத்தில் இருந்திருக்கிறது! நம் குடும்பத்தில் இல்லை என்று சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் எப்போது கிடைக்கும்?

“நம்ம குடும்பத்துலயா? யாருக்கும் கிடையாது. நம்ம ஆளுங்களுக்கெல்லாம் கத்தி பட்டாக்கூட மறுநாள் இடம் தெரியாது” என்றேன். அவர் தவறவிட்டுவிடக் கூடாதே என்று அதையே வங்காளத்திலும் சொன்னேன். நீ பேனாவால் கட்டத்துக்குள் ஒரு கோடு போட்டாய். அவருடைய அத்தையை நான் ஜெயித்தேன். அதற்கான பரிசை நீ தாடையில் சுமந்துகொண்டிருக்கிறாய்.

சேது, என் இடது காதுக்குப் பின்னால் அது இருக்கிறது. இருபது வயதில், கூடப் படித்தவர்கள் எல்லாம் காதில் இரண்டாவது துளை போட்டுக்கொண்டார்கள் என்று நானும் போனேன். இடது காதை முதலில் குத்தினார்கள். அது பழுத்தது, ஆறியது, பிறகு மடலின் பின்பக்கம் கடலைப் பருப்பு அளவுக்குத் திரண்டு, நாவல் கொட்டை அளவுக்கு வந்து நின்றது. வலது காதுக்குப் போகவே இல்லை. என் அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை, ஏற்பாடு செய்தாள். முன்பக்கத்துத் துளையை மறைக்க அகலமாக ஏழு கல் தோடு. பின்பக்கத்தை மறைக்கத் தழையத் தழையக் கட்டிய கொண்டை. பெண் பார்க்க வந்தபோது என் நாற்காலியின் இடது பக்கம் சுவர் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். வந்தவர்கள் என்னை நன்றாகப் பார்த்தார்கள், பாதியை. வீட்டில் அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. சொல்லக் கூடாத விஷயத்துக்குக்கூட ஒரு ஜாடைப் பேச்சு இருக்கும். இதற்கு அதுவும் இல்லை.

உன் அப்பாவுக்குக் கல்யாணமாகி மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் நாளெல்லாம் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவர். ஒரு நாள் காலையில் நான் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று பார்த்தார். “இது படிவத்துல இல்லையே” என்றார். அவ்வளவுதான். காபியைக் குடித்துவிட்டு ஆபீசுக்குப் போனார். பிறகு சாகும்வரை அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அதைப் பெரிய மனது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெரிய மனதுதான். ஆனால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தார் என்றால் நான் பதில் சொல்லிப் பழகியிருப்பேன்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது, தூக்கம் வந்தால் காதைப் பிடிக்க வருவாய். எந்தக் காது என்ற விவரம் உனக்கு இல்லை. இடது பக்கம் கை வந்தால் தட்டிவிடுவேன். வலது காதைக் கொடுப்பேன். சில மாதத்தில் நீயே கற்றுக்கொண்டாய். பஸ்ஸிலும் டாக்சியிலும் எனக்கு எப்போதும் இடது ஜன்னல். காற்று வேண்டும் என்பேன். படம் எடுத்தால் எப்போதும் ஒரே பக்கம். “ஏம்மா, உன்னோட இன்னொரு பக்கத்தை வாடகைக்கு விட்டிருக்கியா?” என்று நீ ஒரு தடவை கேட்டாய். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். முப்பது வருடமாக நீ அம்மா என்று நினைத்துக்கொண்டிருப்பது என் வலது பக்கத்தை மட்டும்தான்.

இந்தக் காதை வைத்துக்கொண்டு நான் உனக்கு உபதேசம் வேறு செய்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் பையன்கள் உன்னை ஈ என்று கூப்பிட்டார்கள். முகத்தில் ஈ உட்கார்ந்திருக்கிறது, ஓட்டு ஓட்டு என்று பின்னாலேயே வருவார்களாம். நீ அதைச் சொல்லிவிட்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் தாடையைத் தேய்த்துக்கொண்டு நின்றாய். “இதுல மறைக்கறதுக்கு என்னடா இருக்கு? தாத்தாவுக்கு இருந்தது. நிமிர்ந்து நட” என்றேன். அதோடு விடாமல், முகம் அவ்வளவு சுகமில்லாத மகான்களைப் பற்றி நூலகத்திலிருந்து ஒரு புத்தகமும் கொண்டுவந்து கொடுத்தேன். நீ அதைப் படித்தாய். அதற்கப்புறம் உன் மச்சத்தைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. உபதேசம் வேலை செய்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று உனக்குச் சொன்ன நேரத்தில் என் காதில் ஏழு கல் இருந்தது.

பிறகு கல்யாணத்துக்கு வேட்டி, குர்தா எடுக்கப் போன அன்று. சுப்ராதான் உன்னை மச்சத்தை எடுக்கச் சொன்னார் என்று நான் சென்னை உறவினர் வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். அதுவும் பொய். கடைக் கண்ணாடி முன் நீ தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர், “பாபாய், அது உனக்குப் பிடிச்சிருக்கா?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நீ “இல்லை” என்றாய். அவர் “அப்படியா” என்றார். நான் ஓர் அடி தள்ளி, பட்டுச் சால்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். பதினாறு வருடம் நான் கேட்காத கேள்வியை ஒரு பூகோள டீச்சர் போகிற போக்கில் கேட்டுவிட்டார். அதை அவரிடமிருந்து எப்படித் திரும்பப் பெறுவது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்குத் தைரியம் சொல்லப்போகும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடு. பதில் உனக்குப் பிடிக்காமல் போகலாம். அதற்காகப் புத்தகம் வாங்கிக்கொடுக்காதே.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எழுதக் கை கூசுகிறது. நீ இந்த வழக்கில் தோற்க வேண்டும் என்று நான் விரும்பியிருக்கிறேன். மையத்தாரின் பதில் வந்ததும் நீ போனில் வாசித்துக் காட்டினாய். முதலில் பயந்தேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அத்தனை ஒட்டுச் சீட்டு, அத்தனை அளவு, அந்தப் பொருளடக்கம், எல்லாமே நான் சொன்ன ஒரு சொல்லில் சரிந்துவிடும்! உன் விஷயத்தில் கடைசிச் சொல் என்னிடம்தான் இருக்கிறது, அவரிடம் இல்லை. இரண்டு நாள் அதை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நீ சாப்பிட வந்தாய். மோர்க்குழம்பும் சேப்பங்கிழங்கும். கிளம்பும்போது நான் வாசலில் நின்று பார்த்தேன். லிஃப்டில் யாரும் இல்லை. நீ உள்ளே போனதும் இடது தாடையைச் சுவர்ப் பக்கமாக வைத்துக்கொண்டு நின்றாய். யாரும் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை; நாற்காலி போட்டு உட்காரவைக்க என் அம்மா அங்கே இல்லை. கதவு மூடியது. நான் உள்ளே வந்து, சாப்பிட்ட தட்டை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதும் உடனே சொல்லிவிடவில்லை. என்னைப் பற்றி அவ்வளவு உயர்வாக நினைத்துவிடாதே. நான் போட்ட திட்டம் இது: காரணம் எதுவும் சொல்லாமல் அந்த மூன்றாம் பத்தியை மட்டும் எடுக்கவைத்துவிட வேண்டும். அதற்காக நேற்று மதியம் பெஹாலாவுக்குப் போனேன்.

“ஆகா, வாங்க தீதி! சொல்லாம வந்திருக்கீங்களே, ஒண்ணுமே பண்ணி வைக்கலையே” என்றார் சுப்ரா. சொல்லிக்கொண்டே இரண்டு வகை இனிப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

“இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது.”

பெஹாலாவில் எனக்கு எந்த வேலையும் இருந்ததில்லை. அது அவருக்கும் தெரியும். “நல்லதாப் போச்சு” என்றார்.

பத்திரத்தைப் பார்க்க வேண்டும், ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை கண்ணோட்டிப் பார்க்கலாம் என்றேன். கோப்பைக் கொடுத்தார். மூன்றாம் பத்திக்கு வந்தேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

“இது என்ன?”

“கேள்விக்குறி.”

“அது தெரியுது. யார் போட்டது?”

“நான்தான். பென்சில்லதான் போட்டிருக்கேன் தீதி, அழிச்சுடலாம்.”

“எதுக்குப் போட்டீங்க?”

அவர் டீயை வடிகட்டிக்கொண்டே பேசினார். “கல்யாணத்தன்னிக்கு போட்டோக்காரன் உங்களை மூணு தடவை இடம் மாத்தி நிறுத்தினான். மூணு தடவையும் நீங்க சுத்தி வந்து அதே பக்கம் நின்னீங்க. அப்புறம் நான் உங்களைக் கட்டிப்பிடிச்சேனே, ஞாபகம் இருக்கா? என் கன்னத்துல பட்டது.”

“ரெண்டு வருஷமாத் தெரியுமா உங்களுக்கு?”

“ஏதோ இருக்குன்னு தெரியும். என்னன்னு அந்த வயசான டாக்டர் சொன்னப்புறம்தான் புரிஞ்சுது.”

“மௌகிட்ட சொன்னீங்களா?”

“சொல்லலை.”

“சேதுகிட்ட?”

“அது நான் சொல்ற விஷயமா தீதி? நான் யாரு?”

இரண்டு வருடமாக நான் அவரைப் பார்த்துக் கேட்க நினைத்த கேள்வி அது. அதையும் அவரே கேட்டுக்கொண்டார்.

“ஆனா சனிக்கிழமை காலை பத்தரை மணி வரைக்கும்தான் பொறுத்திருப்பேன்” என்றார். “அப்பவும் நீங்க வாயைத் திறக்கலைன்னா வக்கீல்கிட்ட நானே சொல்லியிருப்பேன். பிள்ளை பொய்ச் சத்தியம் பண்ணக் கூடாது.”

“என் பிள்ளை” என்றேன்.

“உங்க பிள்ளைதான். யார் இல்லைன்னா? டீ ஆறுது, குடிங்க.”

டீ நன்றாக இருந்தது, அதையும் குறித்துக்கொண்டேன். குடித்து முடித்துவிட்டுத் தோட்டைக் கழற்றப் பார்த்தேன். திருகாணி வரவில்லை. வேறொருவர் முன்னால் நான் அதைக் கழற்றியதே இல்லை. சுப்ரா எழுந்து வந்து தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, நகத்தால் மெல்ல நெம்பி எடுத்தார். கொண்டையை ஒதுக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஐயோ என்று சொல்லவில்லை. உள்ளே போய் அந்த ஸ்கேலை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் ஜில்லென்று பட்டது.

“ரெண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. உங்களோடது பாபாயோடதைவிட உசரம் தீதி. நல்லா உசரம்.”

“எழுதிக்கிட்டீங்களா?”

“எழுதணுமா?”

“எழுதுங்க. தேதியோட.”

எழுதினார். உன் அளவுகளுக்குக் கீழே, அதே பக்கத்தில், என் பெயரைப் போட்டு எழுதினார். அந்தக் கோப்பில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது, கொடுத்தவரும் அவர்தான். என் ரகசியத்தைக்கூட அவர் என்னைவிட நன்றாக வைத்திருந்திருக்கிறார். நான் அதை ஒளித்துவைத்திருந்தேன். அவர் அதை என்னிடம் திருப்பிக் கொடுப்பதற்காக வைத்திருந்தார்.

என்னால் நீ தோற்றுவிடுவாயா என்று கேட்டேன். அவர் ஸ்கேலைக் கோப்புக்குள் வைத்தார். “முதல் தடவை வெட்டினதுக்கு அவங்க உங்களைக் கை காட்டுவாங்க. காட்டட்டும். ரெண்டாவது தடவை வெட்டினப்ப தழும்பு அவன் மூஞ்சிலயே இருந்துச்சே. அதைத் தெரிஞ்சுக்க எந்த அம்மாவைக் கேக்கணும்? கண்ணைத் திறந்து பார்த்தாப் போதாதா?” வக்கீல் என்ன சொல்வாரோ தெரியாது, வழக்கு கொஞ்சம் இளைத்துத்தான் போகும் என்றார். ஆனால் இது சரியான பேச்சு என்று எனக்குப் பட்டது. எனக்கல்லவா இது தோன்றியிருக்க வேண்டும்? தோன்றவில்லை. இதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். மூன்றாம் பத்தியை எடுக்கச் சொல். அதற்குப் பதிலாக உள்ளது உள்ளபடி எழுதச் சொல்: என் அம்மாவுக்கு இருக்கிறது, எனக்குத் தெரியாது, கேட்டபோது அவள் இல்லை என்றாள். நானும் தனியாக ஒரு பத்திரம் கொடுக்கிறேன்; காதின் படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், இரண்டு பக்கமும். வக்கீலுக்கு இந்தக் கடிதத்தில் தேவையான வரிகளை மட்டும் மொழிபெயர்த்துச் சொல். பெயான் என்ற இடத்தை விட்டுவிடு; அந்தத் தலைகீழ்ச் சீட்டையும். உனக்கு என்மேல் கோபம் வரும். வர வேண்டும். உன் அப்பாவைப் போல ஒரு வரி சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விடாதே. உட்கார்ந்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேள். நான் தோடு போடாமல் இருக்கிறேன். காது லேசாக இருக்கிறது. காற்று படுவது கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

அவரை நான் இன்னும் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளவில்லை. அந்த மீன் முள் விஷயத்தை என்னால் விடவே முடியாது. ஆனால் சனிக்கிழமை மூன்று பேரும் ஒரே டாக்சியில் போகலாம் என்று அவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பத்து மணிக்கு என்னை ஏற்றிக்கொள்ளுங்கள். எனக்கு இடது ஜன்னல் வேண்டாம். நான் வலது ஓரத்தில் உட்காருகிறேன்; நீ என் இடது பக்கம் உட்கார். சுப்ரா முன் சீட்டில் உட்காரட்டும். கோப்பை மடியில் வைத்துக்கொள்ள அங்கேதான் இடம் அதிகம்.

அம்மா